அரிசி எங்கே, மருந்து எங்கே, சாமி எங்கே

அன்றைக்கு வெள்ளவத்தையில் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் தர்மலிங்கம் முதலாளி, அவருடைய மனைவி பரமேஸ் அக்கா, வரிக் கணக்குப் பார்க்கிற எங்கள் கந்தோரின் பெரியவர் சிவபாதம் சேர், வரித் திணைக்களத்திலிருந்து வந்த நிலந்தி மிஸ், கட்டிடத்து வாட்சர் சுனில், நான். வாட்சர் கீழே கட்டிட வாசலில்தான் நின்றார். ஆனாலும் அவரை விட முடியாது. அவர் வாயிலிருந்து வந்த ஒரு வசனம் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. இவர்களோடு உள்ளறையில் பிள்ளையார், வள்ளி தெய்வானையோடு முருகன், லட்சுமி, சரஸ்வதி.

படங்களையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், அந்த வீட்டில் குடியிருப்பது யார் என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் முதலாளிக்கும் பரமேஸ் அக்காவுக்கும் கொழும்பில் தலைக்கு மேலே கூரை இல்லை.

நான் கந்தோரை விட்டு நின்று கொஞ்சக் காலம் ஆகிறது. இப்போது வரி வேலை எல்லாம் கம்ப்யூட்டரில். வீடு விற்கும்போது வருகிற லாபத்துக்கான வரியும் கூடிவிட்டது. அதனால் இரண்டு வீடு வைத்திருக்கிற தெரிந்தவர்கள் கோயிலில் கண்டால்கூட என்னைப் பிடித்து வைத்துக் கேட்கிறார்கள்: "ஸ்டெல்லா, விக்கப் போற வீட்டுல நாங்க இருந்த மாதிரி ஒரு பேப்பர் செஞ்சு எடுக்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். இனி யாராவது கேட்டால் இதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதுகு போய்ப் படுத்துவிட்டார். நான் டைப் பழகினேன். ஒரு புடவைக் கடையில் பில் போட்டேன். பிறகு ஒருவர் சொல்லி வெள்ளவத்தையில் சிவபாதம் சேரிடம் போனேன். வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேப்பர் அடுக்கினேன், டைப் அடித்தேன், தேத்தண்ணி ஊற்றினேன், வரி என்றால் என்ன என்று மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டேன்.

ஆனால் என் பயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கடித உறையை ஒட்டிய பிறகு, உள்ளே கையெழுத்து இருக்கிறதா என்று லைட்டில் பிடித்துப் பார்ப்பேன். தெரியாவிட்டால் உறையைக் கிழித்து வேறு உறையில் போடுவேன். சாயந்தரம் பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டி வரைக்கும் வந்த பிறகு இறங்கித் திரும்பிப் போய், கந்தோர்ப் பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. வேறு யாரிடமாவது வேலை செய்திருந்தால் ஒரு மாதத்தில் அனுப்பியிருப்பார்கள். சேர் அனுப்பவில்லை. ஒருநாள் நான் ஒரே பற்றுச்சீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்டெல்லா, உமக்கு எந்தப் பேப்பரைப் பாத்தாப் பயம் வருதோ, அதை எடுத்து மேல வையும். நான் முதல்ல அதைப் பாக்கிறன்."

அதற்குப் பிறகு என் பயத்துக்கும் ஒரு இடம் கிடைத்தது. மேசையின் இடது மூலை. காலையில் சேர் வந்து உட்கார்ந்ததும் அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பார். பாதி நாட்களில், "இதில ஒண்டுமில்லை" என்று திருப்பித் தருவார். அதைக் கேட்கிறபோது வருகிற நிம்மதிக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வரித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு கந்தோர் திறந்தவர். அரைக்கை வெள்ளைச் சட்டை. கணக்கை எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். நீண்ட நேரம் துடைத்தால் வந்தவர் கதிரையிலிருந்து எழும்பிவிடுவது நல்லது.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள். வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டை இடித்தால் அந்த இடத்தில் ஒரு மாடிக் கட்டிடம் எழும்பிய காலம் அது. அத்திவாரம் போடுவதற்கு முன்னமே காசு கட்டி வாங்குவார்கள். வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பில்லை வைத்திருக்கத் தெரியாது. சேர் எல்லோருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்லுவார்: ஒரு பிஸ்கட் டின் வாங்குங்கள், வீட்டுக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு சதத்தின் பில்லையும் அதற்குள்ளே போடுங்கள். டின் வந்ததும் நான் பில்களை மேசையில் பரப்பி இரண்டாகப் பிரிப்பேன். ஒழுகிய பைப்பை மாற்றியது, பெயின்ட் அடித்தது எல்லாம் ஒரு பக்கம். அவை பழுது பார்த்த செலவு. குசினியை இடித்துப் புதிதாகக் கட்டியது, பல்கனிக்குக் கண்ணாடி போட்டது எல்லாம் மற்றப் பக்கம். அவை வீட்டின் விலையோடு சேருகிற செலவு. வீட்டை விற்கிற நாளில் லாபம் குறைந்து தெரியும், வரியும் குறையும். பில் இல்லாவிட்டால் அந்தக் குசினி வரிக் கணக்கில் இல்லவே இல்லை. டைல்ஸ் பதித்த பில்லை மீன் சுற்ற எடுத்துவிட்டேன் என்று ஒரு அம்மா கந்தோரிலேயே அழுதிருக்கிறார்.

குறுக்கு வழி கேட்டு வருகிறவர்களும் இருந்தார்கள். ஒருவர் மூன்று வீட்டு வாடகையை எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றைச் செத்துப்போன தாயின் பெயரில் காட்ட முடியுமா என்று கேட்டார். சேர் கண்ணாடியைத் துடைத்தார்.

"காட்டலாம். அம்மா வந்து கையெழுத்து வைப்பாவோ?"

அவர் பிறகு வரவில்லை.

ஒருவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் சேரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. விலாசம் கேட்க மாட்டார். "அரிசி எங்க இருக்கு? மருந்து எங்க இருக்கு? சாமி எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். வேதக்காரராக இருந்தால் மாதா படம், முஸ்லிம் ஆட்களாக இருந்தால் தொழுகைப் பாய். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அதுதான் வீடு. பேப்பரில் என்ன இருந்தாலும் சரி.

தர்மலிங்கம் முதலாளிக்குப் புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை. வெள்ளவத்தையில் மாடிக் கட்டிடங்களில் இரண்டு பிளட் வீடு. ஒன்று தெருவிலிருந்து பிரிகிற ஒழுங்கைக்குள்ளே சின்னது. அவரும் பரமேஸ் அக்காவும் பிள்ளைகளை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியது அதில்தான். மற்றது கடற்கரைப் பக்கம் பெரியது; காசு போட்டு வைக்கலாம் என்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். பெரியதை விற்கிற யோசனையோடு ஒரு நாள் கந்தோருக்கு வந்தார்.

"வித்தா எவ்வளவு லாபம் முதலாளி?"

"முந்நூறு லட்சம் மட்டில வரும் சேர்."

"அதில பத்தில ஒண்டு வரி. முப்பது லட்சம்."

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "என்ன சேர், கடை நடத்தினதும் நான், மழை வெயில் பாத்ததும் நான். பங்குக்கு ஆக்கள் இருக்கினமோ?"

"அவசரமா விக்கோணுமோ?"

"இல்லை. ரெண்டு மூண்டு வருஷம் பொறுக்கலாம்."

சேர் பென்சிலைக் கையில் எடுத்தார். "அப்ப ஒரு வழி இருக்கு. தான் குடியிருக்கிற வீட்டை வித்தா இந்த வரி இல்லை. விக்கிறதுக்கு முந்தின மூண்டு வருஷமும் அது உங்கட பேரில இருந்திருக்கோணும். அதில ரெண்டு வருஷமாவது நீங்கள் அங்க சீவிச்சிருக்கோணும். நாள் கணக்கில பாப்பினம்."

"நாங்கள் இருக்கிறது சின்னதிலயெல்லோ?"

"அதைத்தான் சொல்லுறன். மாறுங்கோ. வாடகைக்காரரை அனுப்பிப்போட்டு நீங்கள் பெரிசுக்குப் போங்கோ. சின்னனை வாடகைக்குக் குடுங்கோ. பெரிசின்ர வாடகை நிண்டுபோகும், சின்னனின்ர வாடகை வரும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தாலும் நட்டம் வரியை விடக் குறைவு."

முதலாளி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு குனிந்து மெல்லக் கேட்டார்: "மாறின மாதிரிக் காட்டினாக் காணாதோ?"

கண்ணாடி கழன்றது. நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன்.

"முதலாளி, வரியைக் குறைக்க வழி சொல்லத்தான் நான் காசு வாங்குறன். பொய் சொல்ல வழி சொன்னா நானும் நீங்களும் சேர்ந்து கம்பி எண்ணோணும். ஸ்டெல்லாவையும் கொண்டு போவினம். அவ பாவம், வாகனத்தில ஏத்த முந்தியே பயத்தில செத்துப்போவா."

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் மாறவும் செய்தார். அரிசி வாளி போயிற்று, கட்டில் போயிற்று, சீனி வருத்தத்துக்கு எடுக்கிற மருந்துப் பெட்டி போயிற்று. பொலிஸ் பதிவு, கிராம சேவகர், கரண்ட் பில் எல்லாம் பெரிய வீட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றின் பிரதியையும் நானே பைல் கோவையில் வைத்தேன். இடது மூலையில் வைக்க ஒன்றும் இல்லை. இப்படி ஒரு சுத்தமான கோவையைக் கண்டு எனக்கே ஆச்சரியம்.

சாமியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சேர்கூடக் கேட்கவில்லை. எல்லாச் சாமானும் போகிறபோது சாமியும் போகும் என்றுதான் அவரும் நினைத்தார்.

சாமி போகவில்லை. பெட்டி கட்டிய மாதம் ஆடி. ஆடியில் சாமியை எடுக்கக் கூடாது என்று பரமேஸ் அக்கா சொல்லிவிட்டார். ஆவணி பிறந்து நாள் பார்க்கிற நேரம் ஊரில் அவருடைய தமையன் செத்துப்போனார். துடக்கு. ஒரு வருடம் கழித்து வருகிற ஆட்டைத் திவசம் முடிகிற வரைக்கும் நல்ல காரியம் செய்ய முடியாது. திவசமும் முடிந்தது. முதலாளி, "இனியாவது சாமியைக் கொண்டு வாவன், சின்ன வீட்டை வாடகைக்கு விடுவம்" என்று கேட்டார். அதற்கு அக்கா சொன்ன பதிலை முதலாளி பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினார், இடுப்பில் கை வைத்து:

"இன்னும் கொஞ்சக் காலத்தில விக்கப் போற வீட்டுக்குச் சாமியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறியளோ? சாமியென்ன, உங்கட கடைச் சாமானோ, ஒரு ஸ்டோரில இருந்து மற்ற ஸ்டோருக்கு ஏத்தி இறக்க?"

ஆகவே சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. பின்னேரமானால் இரண்டு பேரும் நடந்து போய், விளக்கேற்றி, பூ வைத்து, கும்பிட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பெரிய வீட்டுக்குத் திரும்புவார்கள். வந்திருக்க வேண்டிய வாடகை மாதம் ஐம்பதாயிரம், அப்படியே போயிற்று. வாடகை கொடுக்காமல் இத்தனை பேர் குடியிருக்கிற வீடு வெள்ளவத்தையில் வேறு இல்லை என்று முதலாளி கடையில் சொல்லித் திரிந்திருக்கிறார். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் நாட்டில் டொலர் இல்லாமல் போயிற்று. முதலாளிக்குச் சாமான் வரவில்லை. வந்ததும் இரண்டு மூன்று மடங்கு விலை. கடை விழுந்தது. விற்கலாம் என்றிருந்த பெரிய வீடு, விற்றே ஆக வேண்டிய வீடு ஆயிற்று. நல்ல வேளை, இரண்டு வருடம் தாண்டியிருந்தது. சுவிஸிலிருந்து ஒருவர் வாங்கினார், உறுதிப் பத்திரமும் எழுதி முடிந்தது. விற்ற காசு முழுக்கக் கடைக் கடனுக்குப் போயிற்று. வாங்கினவர் நல்ல மனிதர். தான் அடுத்த வருடம்தான் வருவேன், தை பிறந்த பிறகு வீட்டுத் திறப்பைத் தந்தால் போதும் என்றார். மார்கழியில் வீடு மாற மாட்டேன் என்று பரமேஸ் அக்கா கேட்டுத்தான் அந்தத் தவணை. சாத்திரம் பார்த்துப் பார்த்தே இந்த மனிசி எல்லோரையும் அலைக்கழிக்கிறார் என்று அப்போது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

விற்ற வீட்டின் வரிப் பத்திரத்தை நிரப்புகிற நாள் முதலாளி கந்தோருக்கு வந்தார். சேர் வழக்கப்படி கேட்டார்.

"அரிசி எங்க இருக்கு?"

"பெரிய வீட்டில."

"மருந்து?"

"பெரிய வீட்டில சேர். காலமை குத்துற இன்சுலின்கூட அங்க ஃப்ரிஜ்ஜுக்குள்ள."

"சாமி?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

"முதலாளி, சாமி எங்க?"

"சேர்... சாமி சின்ன வீட்டில."

பிறகு எல்லாம் வெளியே வந்தது, ஆடியிலிருந்து இடுப்பில் கை வைத்தது வரைக்கும். சேர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் பென்சிலை மேசையில் உருட்டினார். பிறகு என்னிடம் ஒரு கடிதம் சொல்லத் தொடங்கினார்: விற்ற வீட்டில்தான் இருவரும் சீவித்தார்கள், ஒழுங்கைக்குள் இருக்கும் மற்ற வீடு பூட்டியிருந்தது, ஆனால் இவர்களுடைய சாமியறை அங்கேதான் இருக்கிறது, தினமும் போய் வருகிறார்கள்.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"சேர், கடைசி வசனம் வேணாமே சேர். அவங்களுக்கு இது தெரியாது. எழுதினாத்தானே கேள்வி வரும்."

"எழுதாட்டியும் வரலாம். அப்ப நாங்கள் ஒளிச்சமாதிரி இருக்கும்."

"வராமலும் போகலாந்தானே சேர்."

"ஸ்டெல்லா, உமக்குப் பயம் வந்த பேப்பரை எங்க வைக்கிறனீர்?"

"மேல சேர்."

"அதைத்தான் நானும் செய்யிறன். அடியும்."

அடித்தேன். அன்றைக்குச் சாயந்தரம் அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்தேன்: இது நல்லபடி முடிந்தால் ஏழைகளுக்குச் சாப்பிடப் பாண் கொடுக்கிறேன் என்று. எவ்வளவு பாண் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி வந்தது. கடிதமாக அல்ல, ஆளாகவே வந்தது. மார்கழி மாதம் ஒரு காலை நிலந்தி மிஸ் கையில் கோவையோடு சின்ன வீட்டைப் பார்க்க வந்தார். முதலாளி கூப்பிட்டு நானும் சேரும் போயிருந்தோம். மிஸ் அதற்கு முன்னமே பெரிய வீட்டைப் பார்த்துவிட்டார். அங்கே எல்லாம் ஒழுங்கு. ஆனால் வீட்டை விற்கிறவர்கள் குடியிருந்ததாகக் காட்ட விற்கிற வீட்டில் இரண்டு கட்டிலைப் போட்டு வைப்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சின்ன வீட்டுக் கட்டிடத்தின் கீழே வாட்சரைக் கண்டதும் சிங்களத்தில் கேட்டார்:

"மே அய மெஹே இன்னவாத?"

இந்த ஆட்கள் இங்கே இருக்கிறார்களா என்று. சுனில் நல்ல மனிதர். முதலாளிக்கு உதவி செய்ய வேண்டும் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"ஹெமதாம எனவா மிஸ்! எக தவசக்வத் வெரதுனே நே!"

தினமும் வருகிறார்களாம், ஒருநாள்கூடத் தவறியதில்லையாம். அதைக் கேட்டால் இவர்கள் வீடு இதுதான் என்றாகும்; மிஸ் அதைக் கோவையில் எழுதினார். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பொய்ப் பிரகடனம் என்று முடிவானால் முப்பது லட்சமும் தண்டமும். கட்டுவதற்கு முதலாளியிடம் இந்தச் சின்ன வீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. பரமேஸ் அக்கா சிங்களம் விளங்காமல் சுனிலைப் பார்த்துச் சிரித்தார். சொந்தக்காரரை விடத் தன்னை மதிக்கிற ஆள் இவன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கதவைத் திறந்தார்கள். ஹோலில் ஒரு கதிரைகூட இல்லை. மிஸ் சுவரோரம் விரலால் தொட்டுப் பார்த்தார், தூசு. குசினிக்குப் போனார். அடுப்பு இல்லை, காஸ் சிலிண்டர் இல்லை, பானை இல்லை. குளியலறையில் சவர்க்காரம் இல்லை, துவாய் இல்லை, பல் விளக்குகிற பிரஷ் இல்லை. படுக்கையறையில் கட்டிலின் கால் பதிந்திருந்த நாலு அடையாளம் மட்டும் தரையில் இருந்தது. கடைசியில் உள்ளறைக் கதவைத் தள்ளினார். அங்கேதான் வெளிச்சம். கூட்டித் துடைத்த தரை. நேற்று வைத்த செவ்வரத்தம்பூ. எண்ணெய்ப் போத்தல், நெருப்புப்பெட்டி, விபூதி. அணைந்த விளக்கில் இன்னும் எண்ணெய் இருந்தது.

மிஸ் ஒரு நிமிடம் வாசலில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"இங்க யார் இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

முதலாளிக்கு இத்தனை காலம் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வந்துவிட்டது. கையை விரித்துச் சொன்னார்:

"தெய்யோ விதராய் மிஸ்! குலி தென்னே நே!"

சாமி மட்டும்தான் மிஸ், வாடகையும் தருவதில்லை என்று. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பரமேஸ் அக்கா புருஷனை முறைத்தார்: "என்னவாம் சொல்லுறியள்? சாமிக்கு முன்னால நிண்டு பகிடியோ?"

சிரிப்பு அடங்கியதும் மிஸ் அக்காவைப் பார்த்தார். ஏன் இந்தச் சாமிகளைப் பெரிய வீட்டுக்குக் கொண்டு போகவில்லை என்று கேட்கச் சொல்லி என்னைப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் தமிழ் மாதிரித்தான். அக்காவிடம் கேட்டேன்.

அக்கா யோசிக்கவே இல்லை.

"அது விக்கிறதுக்கெண்டு போய் இருந்த வீடு பிள்ளை. அங்க சாமியைக் குடியேத்தி வைச்சிட்டு, பிறகு வெளியால போங்கோ எண்டு சொல்லுறதோ?"

விற்பதற்காகத்தான் போய் இருந்தோம் என்று வாயாலேயே சொல்லிவிட்டார். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? ஆடி மாதம் என்று சொல்லலாம். துடக்கு என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அது போதும். நான் சேரைத் திரும்பிப் பார்த்தேன். சேர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"அவ என்ன சொன்னவவோ, அதைச் சொல்லும்."

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பரமேஸ் அக்காவுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாது. திரியைத் தூண்டிவிட்டு விளக்கைக் கொளுத்தினார்.

நிலந்தி மிஸ் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேரிடம் சொன்னது இதுதான்: அரிசி இல்லாத வீட்டில் ஆள் இருக்க முடியாது. இந்த அம்மா பொய் சொல்லத் தெரிந்தவர் என்றால் இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டார். ஏன் போய் இருந்தீர்கள் என்று சட்டம் கேட்கவில்லை, இருந்தீர்களா என்றுதான் கேட்கிறது. கடிதத்தில் சாமியறையைப் பற்றி நீங்களே எழுதாமல், வாட்சர் சொல்லி எனக்குத் தெரிய வந்திருந்தால், நான் மேலே ஏறியே வந்திருக்க மாட்டேன். கீழேயிருந்தே பொய் என்று எழுதி முடித்திருப்பேன்.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளறைப் பக்கம் திரும்பி ஒருமுறை கையெடுத்தார்.

அவர் போன பிறகு நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"சேர், உங்களுக்குப் பயம் வரல்லையா?"

"வந்தது. அந்த வாட்சர் வாயைத் திறந்த நேரமே வந்தது."

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

வரி இல்லை என்ற கடிதம் மார்கழி முடிவதற்குள் வந்தது. உறையை நான் உடைக்கவில்லை. முதலாளியை உடைக்கச் சொன்னேன். அவர் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார், நான் வாசித்தேன், திரும்ப அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பிறகு சேர் சொன்னார், மார்கழியில் வீடு மாற மாட்டேன் என்று அக்கா நிற்காமல், விற்ற உடனே சின்ன வீட்டுக்கு வந்திருந்தால், மிஸ் வருகிறபோது அங்கே அடுப்பும் இருந்திருக்கும், அரிசியும் இருந்திருக்கும். யாராலும் எதையும் காட்டியிருக்க முடியாது என்று. நான் கோபப்பட்ட அதே சாத்திரம்தான் கூரையைக் காப்பாற்றியது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "பின்னே?" என்றார், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் அவர்கள் சின்ன வீட்டுக்குத் திரும்பினார்கள். பால் பொங்கிய நாள் என்னையும் கூப்பிட்டார்கள். சுனில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலாளி உள்ளறையைக் காட்டிச் சொன்னார்: "இவ்வளவு நாளும் அவையின்ர வீட்டுக்கு நாங்கள் போய் வந்தனாங்கள். இப்ப வாடகைக்காரரா வந்திருக்கிறம். பாப்பம், எவ்வளவு கேக்கினம் எண்டு." அக்கா அகப்பையால் அடிக்கப் போனார்.

நான் கந்தோர் வேலையை விட்டு நிற்கிற நாள் சேர் எனக்கு ஒரு பேனையும், ஒரு வாக்கும் தந்தார். முதலாளி எங்களுக்குத் தர வேண்டிய கூலியில் பாதியைத்தான் தந்திருந்தார். "மிச்சம் வந்தா அது உமக்கு. நீரெல்லோ மொழிபெயர்த்தனீர்" என்றார் சேர். அந்தக் காசு கைக்கு வந்த உடனே பாண் வாங்கி நேர்த்தியைத் தீர்ப்பதாக அன்றைக்கே அந்தோனியாரிடம் சொல்லிவிட்டேன். தொகையையும் சொல்லிவிட்டேன்.

முதலாளியை மாதத்தில் ஒருமுறையாவது வெள்ளவத்தைச் சந்தையில் காண்கிறேன். நல்ல மனிதர். வெயிலில் நிற்க வைத்து அரைமணி நேரம் கதைப்பார், இளநீர் வாங்கித் தருவார். போகும்போது மட்டும், "பிள்ளை, அந்த மிச்சம் மறக்கேல்லை, தை பிறக்கட்டும்" என்பார். தை எத்தனையோ பிறந்துவிட்டது. இப்போதெல்லாம் இரவில் எனக்கு நல்ல நித்திரை வருகிறது. பூட்டை இழுத்துப் பார்க்க எந்தக் கந்தோரும் இல்லை. பயப்பட ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது முதலாளி எனக்கும், நான் அந்தோனியாருக்கும் தர வேண்டியது: இருபத்தையாயிரம் ரூபாய்.